நொட்டாங்கைக்காரி

இடது கையில் கத்தி இருந்தது, வலது கையில் பென்சில். கத்தி அசையாமல் நின்றது. பென்சில் மட்டும் ஓடியது.

குட்டையான, முனை மழுங்கிய கத்தி. சிப்பியின் விளிம்புக்குள் நுழைத்து நெம்புவதற்கென்றே செய்தது. மரப்பிடியில் உப்புத் தண்ணீர் ஏறி ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அதைப் பிடிப்பதில் ஒரு முறை உண்டு. கட்டைவிரல் பிடியின் மேல்முனையில் அழுந்தி நிற்க வேண்டும். சுட்டுவிரல் இரும்பைத் தொடக் கூடாது. மணிக்கட்டு உள்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் சாய வேண்டும். அந்தச் சாய்வு வரும்வரை இடது கை திரும்பித் திரும்பிப் பார்த்தது. வந்ததும் வலது கை அதை மஞ்சள் தாளில் பிடித்துப்போட்டது.

மஞ்சள் தாளுக்கு அடியில் வேறொரு ஓவியர் வரைந்து அனுப்பிய வெள்ளைத் தாள் இருந்தது. அதே பெண், அதே கொட்டகை, அதே சிப்பி. ஆனால் அதில் கத்தி வலது கையில். விளக்குப் பலகையின் வெளிச்சம் இரண்டு தாள்களையும் ஊடுருவி வந்தது. பென்சில், கீழே தெரிந்த வலது கையைச் சட்டை செய்யாமல், மேலே இடது கையை வரைந்துகொண்டே போனது.

"ஹிகாசா-சான், அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வைங்க," என்றார் பக்கத்து மேஜைக்காரர். "கூரியர் பையன் படியேறவே பயப்படறான்."

"அவன் லிஃப்ட் இல்லைன்னு ஏற மாட்டேங்கிறான்."

"லிஃப்ட் நான் சேர்ந்த நாள்லேர்ந்து இல்லை. கத்தி இப்பதான வந்திருக்கு?"

"சுகா-சான், உங்க வேலையைப் பாருங்க."

"பாத்துட்டுதான் இருக்கேன். என் வேலையே நீங்க வரைஞ்சதைப் பாக்கிறதுதான்."

அது உண்மைதான். அந்த அனிமேஷன் ஸ்டூடியோவில் சுகாவின் வேலை இடைப்படங்களைச் சரிபார்ப்பது. ஒரு அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, விரல் ஒன்று கூடிப்போனதா, காது இடம் மாறிவிட்டதா என்று பிடிப்பார். கத்தி வைத்திருந்தவள் ஹிகாசா தோமோயே. அவள் வேலை அதற்கு முந்தியது. வெளியிலிருந்து பல ஓவியர்கள் வரைந்து அனுப்பும் மூலப் படங்களின் மேல் மஞ்சள் தாளை வைத்து, முகமும் கையும் ஒரே ஆளுடையதாகத் தெரியும்படி திருத்திக் கொடுப்பாள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றிய வருஷங்களில் ஒரு தொடர் போய்க்கொண்டிருந்தது. அது முடிந்தபோது இன்னொன்று வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போய் ஓவியம் படித்தவள் இல்லை. மற்றவர்கள் கழித்துப் போட்ட தாள்களைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து, அடியில் வெளிச்சம் போட்டு வரைந்து வரைந்து கற்றவள்.

தோக்கியோவில் காமி-இகுசா ரயில் நிலையத்துக்குப் பின்னால், துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஸ்டூடியோ. பகல் முழுக்கக் கீழேயிருந்து நீராவி வாசனை ஏறும். அந்தக் குளிர்காலத்தில் அங்கே செய்துகொண்டிருந்த தொடர், வாரம் ஒரு பெண்ணைப் பற்றியது. ஒரு வாரம் மலையூரில் பேருந்து ஓட்டுகிறவள், ஒரு வாரம் கோபேயில் கேக் கடையில் நிற்கிறவள், ஒரு வாரம் மல்யுத்தக்காரரின் மகள். எல்லோருக்கும் இருபது வயது. ஒருத்தியை ஒருத்திக்குத் தெரியாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வாரம்தான். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள்.

ஏழாவது வாரத்துப் பெண் நாகி. கடலோரத்தில் சிப்பி உடைக்கிறவள். உண்மையில் அவள் தோமோயேவின் தங்கை சிஹாரு.

அந்தக் கதையை யாரும் தோமோயேவிடமிருந்து திருடவில்லை. அவளே கொடுத்தாள். தொடர் தொடங்குவதற்கு முன் இயக்குநர் உசாமி எல்லோரையும் வறுத்த கோழிக் கடைக்கு அழைத்துப்போய், "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணைப் பத்திச் சொல்லுங்க. பெரிசா எதுவும் நடந்திருக்க வேண்டாம்," என்று கேட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்; நல்ல மாதிரிப் பேசுகிறவர். தோமோயே பொதுவாக அந்த மாதிரி இடங்களில் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தாள்.

கடலோர ஊரான ஹினாசேயில் அவர்கள் குடும்பத்துக்குச் சிப்பிக் கொட்டகை. தோமோயே பதினெட்டு வயதில் தோக்கியோவுக்கு ஓடிவந்துவிட்டாள். தங்கை நின்றாள். சிஹாரு இடக்கைக்காரி. கொட்டகையில் பெண்கள் தோளோடு தோள் இடித்து வரிசையாக உட்கார்ந்து உடைப்பார்கள். இடக்கைக்காரியின் முழங்கை பக்கத்தில் இருப்பவளை இடிக்கும். அதனால் அவளை வரிசையின் இடக் கோடியில், வாசலோரம், குளிர்காற்று நேராக வந்து அறையும் இடத்தில் உட்கார வைத்தார்கள். இருபது வயது ஆனவர்களுக்கு ஜனவரியில் ஊர்மண்டபத்தில் விழா நடக்கும். அதற்குத் தோமோயேவுக்கென்று எடுத்து, அவள் கட்டாமலே விட்டுப்போன நீண்ட கைப் பட்டுக் கிமோனோவைச் சிஹாரு கட்டிக்கொண்டாள். போகிற வழியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று கொட்டகைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துப் படகு வந்தது. இந்த ஒரு கூடையை உடைத்துவிட்டுப் போ என்றாள் அம்மா. அவள் கிமோனோவின் நீண்ட கைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கூடை இரண்டாயிற்று, மூன்றாயிற்று. விழா முடிந்துபோயிற்று.

"அப்புறம்?" என்று கேட்டார் உசாமி.

"அப்புறம் ஒண்ணுமில்லை. போன்ல என்கிட்ட சொல்லிச் சிரிச்சா. 'அக்கா, ஊர்லயே பட்டு உடுத்திச் சிப்பி உடைச்ச ஒரே ஆளு நான்தான்'னு."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். மீதியை அவள் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, அதே வாசலோரத்தில், அதே கத்தியோடு, ஒரு காலையில் தலைக்குள் நரம்பு வெடித்துச் சிஹாரு சாய்ந்துவிட்டாள். தோமோயேவுக்கு அன்று படங்கள் ஒப்படைக்கும் நாள். முடித்துவிட்டு மறுநாள் போய்ச் சேர்ந்தபோது தங்கையை வெள்ளை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். கைகளுக்கும் வெள்ளைத் துணி உறை மாட்டி, விரல் தெரியாமல் கட்டியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. அவிழ்த்துக் காட்டு என்று அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதைக்காரர் எழுதிக் கொடுத்த பிரதியில் நாகி பட்டோடு வந்து ஒரே ஒரு சிப்பியைத்தான் உடைக்கிறாள். கிழவிகள் கை தட்டுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே விழாவுக்கு ஓடுகிறாள், படகுகள் கொடி ஆட்டுகின்றன. தோமோயே அதைப் படித்தாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

"நாகி இடக்கைக்காரியா இருக்கட்டுமே."

"அட, ரொம்ப நல்லாருக்கே!" என்றார் உசாமி. "எழுத்துல இல்லைதான். ஆனா வச்சுக்கலாம். நீங்க சொன்னா சரி."

அது போதும் என்று நினைத்தாள். கதை யாருடையதாகவோ ஆகட்டும். விழாவுக்கு ஓடட்டும், கொடி ஆடட்டும். அந்தக் கை மட்டும் அவள் கையாக இருந்தால் போதும். அதற்காகத்தான் அந்த வாரத்தை வாங்கிக்கொண்டாள். ஓவியர்கள் எல்லோரும் பழக்கத்தில் வலது கையில் கத்தியைக் கொடுத்து வரைந்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் மஞ்சள் தாளில் இடது கைக்கு மாற்றினாள். கத்தி மாறினால் தோள் மாறும், தோள் மாறினால் தலை சாயும் பக்கம் மாறும். ஆக முழு உடம்பையும் மறுபடி வரைந்தாள். சிப்பியைப் பிடிக்கும் வலது கையில், சுட்டுவிரல் அடியில், சின்னதாக ஒரு தழும்பும் போட்டாள். கத்தி வழுக்கினால் பிடித்திருக்கும் கையில்தான் குத்தும்.

கிமோனோவில் என்ன பூ என்று மறந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம் ஊருக்குப் போன் செய்தாள்.

"எதுக்குடி அது இப்ப?" என்றாள் அம்மா. பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"படத்துக்கும்மா."

"சிவப்பு பியோனி. உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது. நீ கட்டாமயே ஓடிட்டே. அவ கட்டிக்கிட்டு வந்து சிப்பித் தண்ணியில முக்கினா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருமாச் சேந்து ஒரு பட்டைப் பாழாக்கினீங்க."

"கூடையை அவ முன்னால வச்சது யாரும்மா?"

"கூடை வந்தா உடைக்கணும். வராத கூடைக்கு யாரும் உட்காரச் சொல்லலை." அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். "என்னமோ இடது கையால உடைக்கிற மாதிரி வரையறியாமே. உன் மாமா மக சொன்னா."

"அவ இடது கையாலதான உடைச்சா?"

"அது எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு மேஜையில அந்தக் கையில தட்டித் தட்டி என் கைதான் வீங்கிச்சு. எத்தனை வரன் அதைப் பாத்துட்டு எழுந்து போச்சு? நொட்டாங்கைக்காரி, நொட்டாங்கைக்காரின்னு ஊர் சிரிச்சது போதும். செத்த பிறகாவது அவளை ஒழுங்கா காட்டுடி."

தோமோயே போனை வைத்தாள். அன்று பியோனிப் பூக்களை வரைந்தாள். சாஸ்திரப்படி பெரிய பூ இடது தோளில் வர வேண்டும். அங்கேயே போட்டாள்.

மஞ்சள் தாள்கள் போய், இடைப்படங்கள் வந்து, வண்ணம் ஏறி, வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த வாரத்தில் உசாமி தோமோயேவின் மேஜைக்கு வந்து நின்றார். கூடவே ஒகுதானி. தயாரிப்பைக் கவனித்துக்கொள்பவள், முப்பத்தைந்து வயதிலேயே எப்போதும் எதையோ மறந்துவிட்டவள் போன்ற முகம். உசாமி கையில் ஒரு புகைப்படம்.

அது ஒரு பொம்மையின் படம். நாகி, பிளாஸ்டிக்கில், ரப்பர் பூட்ஸ் போட்டு, ஒரு கையில் சிப்பியும் இன்னொரு கையில் கத்தியுமாக. கத்தி வலது கையில்.

"பொம்மைக் கம்பெனிக்கு முதல்லயே டிசைன் போயிடுச்சு," என்றார் உசாமி. "அதுல இப்படித்தான் இருந்திருக்கு. அவங்க அச்சு வார்த்து, பெட்டியில போட்டு, கடைக்கே அனுப்பிட்டாங்க. நேத்து மீட்டிங்ல நம்ம படத்தைப் பாத்துட்டு, எங்க பொம்மை தப்புன்னு ஜனங்க சொல்லுவாங்கங்கறாங்க."

"பொம்மை தப்புதான," என்றாள் தோமோயே.

"ஹிகாசா-சான்..."

"நீங்க சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன். நான் இல்லைங்கலை." அவர் குனிந்து வணங்கினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எரிச்சலாக இருந்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைக்கவில்லை. "வெளியில நாலஞ்சு பேரைப் பிடிச்சிருக்கேன். ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் கையை மட்டும் மாத்தி வரைஞ்சு தந்துடுவாங்க. நீங்க எதுவும் செய்ய வேண்டாம்."

நாலைந்து பேர். சிப்பியையே தட்டில்தான் பார்த்திருப்பார்கள். அவசரத்தில் கத்தியைப் பேனாவைப் போலப் பிடித்து வரைவார்கள். கட்டைவிரல், மணிக்கட்டு, தழும்பு எல்லாம் போய்விடும்.

"வேண்டாம்," என்றாள் அவள். "கையைத் தொடாதீங்க. படத்தையே திருப்பிப் போடுங்க."

"திருப்பியா?"

"கண்ணாடியில பாக்கிற மாதிரி. இடம் வலமா மாறிடும். கை அதே கையா இருக்கும், பக்கம்தான மாறும்?"

உசாமி முகம் விளக்குப் போட்டது போலாயிற்று. ஒகுதானி அப்போதே போனை எடுத்துவிட்டாள்.

"பொம்மையைத் திருப்ப முடியாது. மனுஷியைத் திருப்பலாம்," என்றார் சுகா, தலை நிமிராமலே.

படத்தைத் திருப்பினால் எழுத்துகள் தலைமாறும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஸ்டூடியோ முழுக்க எழுத்து தேடியது. படகின் பெயர், சுவரில் நாள்காட்டி, ஐஸ் பெட்டியில் சங்கத்தின் முத்திரை, கடிகாரத்தின் முள். பின்னணி ஓவியர்கள் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார்கள். ஒரு கிழவியின் முதுகில் பனியனில் இருந்த எழுத்தை ஒகுதானி கண்டுபிடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்றுகூட ஒருவர் கேட்டார். தோமோயேவும் தேடினாள். வரிசையில் மற்றப் பெண்களின் கைகள் கூடைகளுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் அங்கே மாற்றம் தெரியவில்லை. ஆனால் இடக்கோடியில் உட்கார்ந்தவள் வலக்கோடிக்குப் போயிருந்தாள். வலக்கையால் உடைக்கிறவளை எதற்காகத் தனியே கோடியில், குளிரில் உட்கார வைத்தார்கள் என்பதற்கு இப்போது காரணமே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கத்தியை மேஜையின் கீழ் அறையில் போட்டு மூடினாள்.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் காலையில் முழுப் படத்தையும் போட்டுப் பார்த்தார்கள். சின்ன அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உசாமி முன்னால், ஒகுதானி மடியில் காகிதம் வைத்துக்கொண்டு, சுகா சுவரோரம், தோமோயே அவருக்குப் பக்கத்தில். கொட்டகை வந்தது. கை வந்தது. வலது கையாக இருந்தாலும், கட்டைவிரல் நின்ற விதத்தில், மணிக்கட்டின் சாய்வில், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று தோன்றியது. தழும்பும் ஒழுங்காக அடுத்த கைக்குப் போயிருந்தது. தோமோயே மூச்சுவிட்டாள்.

பிறகு கொட்டகை வாசலில் நாகி பட்டுடுத்தி வந்து நின்றாள்.

பின்னாலிருந்து ஜனவரி வெயில். சிவப்பு பியோனி. அவள் சிரித்தாள். "நாகி, மகாராணி கணக்கா இருக்கியேடி!" என்றது ஒரு கிழவியின் குரல். படம் முகத்துக்கு அருகே போயிற்று. முகம், கழுத்து, மார்பில் கிமோனோவின் மடிப்பு.

 உசாமியின் தலை லேசாக முன்னால் வந்தது. ஒகுதானி எழுதுவதை நிறுத்தினாள்.

"ஐயையோ," என்றார் சுகா மெதுவாக. "பொணத்துக்குக் கட்டின மாதிரி இருக்கே."

கிமோனோவை உடுத்தும்போது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டிவிட்டு, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து போடுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். கைமாறிப் போடுவது ஒருவருக்குத்தான், ஒரு தடவைதான். சின்னக் குழந்தை விளையாட்டுக்கு மாற்றிக் கட்டினாலும் தாய் ஓடிவந்து அவிழ்ப்பாள். படத்தைத் திருப்பியதில் எழுத்தோடு சேர்ந்து மடிப்பும் திரும்பியிருந்தது. திரையில் இருபது வயதுப் பெண் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு, சவத்துக்குக் கட்டும் கட்டோடு நின்றாள்.

"நிறுத்துங்க," என்றார் உசாமி. படம் அப்படியே நின்றது. "இது எப்படி... யாரு திருப்பச் சொன்னது?"

அவருக்குத் தெரியும். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

"நான்தான்," என்றாள் தோமோயே.

அவள் அந்த மடிப்பை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். வெள்ளையில், ஹினாசேயில், ஒரு காலையில். சிஹாருவின் கழுத்துக்குக் கீழே அந்தக் கோடு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இறங்கியது என்று கண்ணை மூடினால் தெரியும். இந்த அறையில் இருந்தவர்களில் அதை நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். எல்லோரோடும் சேர்ந்து அவள் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒகுதானி எழுந்து விளக்கைப் போட்டாள். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள சேனலுக்குப் போகணும். என்ன பண்ணலாம்?"

"கழுத்துக்குக் கீழ தெரியாம வெட்டிட்டா?" என்றார் சுகா.

"முகம் சிப்பியைப் பாத்து இறங்கி வரணும் சுகா-சான். வெட்டினா அந்த ஷாட்டே இல்லை," என்றார் உசாமி.

தோமோயே உசாமியைப் பார்த்தாள். "பட்டு உடுத்தி வர்ற ஷாட் கொஞ்சம்தான். அதை மட்டும் பழையபடி விட்டுடலாமே. திருப்பாம."

"திருப்பாம விட்டா கத்தி இடது கைக்கு வந்துடும்."

"வரட்டும்."

"முழுக்க வலது கையில உடைச்சவ, பட்டு கட்டினதும் இடது கையில உடைப்பாளா?"

"ஒரு சிப்பிதான உடைக்கிறா. யார் பாக்கப் போறாங்க?"

அவர் அவளையே பார்த்தார். வழக்கமாக இந்த வார்த்தையை மற்றவர்கள் சொல்வார்கள். யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறவர்களிடம் நான் பார்ப்பேன் என்று சொல்கிறவள் அவள். சுகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடியாது ஹிகாசா-சான்," என்றார் உசாமி தணிந்து. "மன்னிச்சுக்கங்க. கை இப்படியே இருக்கட்டும். மடிப்பை மட்டும் மாத்திடலாம். உங்களுக்கே தெரியும், அதுதான் சீக்கிரம் முடியும்."

அவளுக்குத் தெரியும். அதுதான் சீக்கிரம் முடியும்.

மேஜைக்குப் போய் விளக்குப் பலகையைப் போட்டாள். ஒகுதானி அலமாரியிலிருந்து அந்த ஷாட்டுகளின் தாள்களை உறையோடு கொண்டுவந்து வைத்தாள். திருப்பியதைத் திருத்த வேண்டுமானால் தாளையும் திருப்பித்தான் வைக்க வேண்டும். தோமோயே முதல் தாளைக் குப்புறப் போட்டாள். வெளிச்சத்தில் கோடுகள் முதுகுப்புறம் ஊறி வந்தன. அவள் வரைந்த சிஹாரு தாளின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். அதன்மேல் புதிய தாளை வைத்து, முகத்தைத் தொடாமல், கழுத்தின் இரு பக்கமும் பென்சிலை நிறுத்தி, கோட்டை இறக்கினாள். இதுவரை மேலே இருந்தது கீழே போயிற்று. கீழே இருந்தது மேலே வந்தது.

"பாதியை எனக்குக் கொடுங்க," என்றார் சுகா. "நேர்கோடுதான. என் கைக்கும் வரும்."

"மூச்சுவிடும்போது மடிப்பு ஏறி இறங்கும்."

"ஆமா, உயிரோட இருக்கிறவங்க மூச்சு விடுவாங்க, எனக்கும் தெரியும். கொடுங்க."

கடைசி ஷாட்டை மட்டும் கொடுத்தாள். பட்டுடுத்தி உட்கார்ந்து சிப்பி உடைக்கும் ஷாட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அதில் கிமோனோவின் கைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்ததால் மடிப்பு இறுகி, நெம்பும்போது ஒரு பக்கமாக இழுபடும். எந்தப் பக்கம் இழுபடும் என்பது எந்தக் கையால் நெம்புகிறாள் என்பதைப் பொறுத்தது. வலது கையால் நெம்பினால் எப்படி இழுபடும் என்று பார்க்க, அவள் பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு கீழறையைத் திறந்து கத்தியை எடுத்தாள். வலது கையில் பிடித்தாள். எதிரே, முகபாவம் பார்த்து வரைய வைத்திருந்த மேஜைக் கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடியில் ஒருத்தி இடது கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

 பிறகு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, குனிந்து தன் நெஞ்சையே நேராகப் பார்த்து, சட்டைத் துணி எந்தப் பக்கம் சுருங்குகிறது என்று கவனித்து, கத்தியை வைத்துவிட்டு வரைந்தாள்.

மத்தியானத்துக்குள் சிரிக்கும் இடம் முடிந்தது. வெயில் மேஜையின் ஓரத்துக்கு வந்தபோது தலை குனியும் இடம் முடிந்தது. கீழே வெளுப்புக் கடையில் பெரிய இஸ்திரி இறங்கி ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய பியோனி தவறான தோளில் இருந்தது. அதை மாற்ற நேரமில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தழும்பும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வலக்கைக்காரிக்கு அங்கேதான் இருக்கும்.

முடித்ததும் தாள்களை இடது கை விரல் இடுக்குகளில் செருகிப் புரட்டிப் பார்த்தாள். பெண் சிரித்தாள், குனிந்தாள், நெம்பினாள். மடிப்பு இழுபட்டு, விட்டு, மறுபடி படிந்தது. உயிரோடு இருப்பவளுக்குக் கட்டும் கட்டு. கை, அம்மா தட்டித் தட்டித் திருத்தப் பார்த்துத் தோற்றுப்போன கை அல்ல, திருந்திய கை. ஊரில் இனி யாரும் சிரிக்க மாட்டார்கள். நாளை அம்மா தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டே, இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறாள் என்பாள்.

சுகா தன் பங்கைக் கொண்டுவந்து சேர்த்தார். அவள் புரட்டிப் பார்த்தாள். நன்றாகவே மூச்சுவிட்டது.

"சரியா?" என்றார்.

"சரியா இருக்கு."

"கத்தியை இனிமே எங்க வைக்கப் போறீங்க?"

"கூரியர் பையனைப் பயமுறுத்த ஏதாவது வேணுமில்ல," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒகுதானி கோட்டைப் போட்டுக்கொண்டு, தாள்களை வண்ணம் ஏற்றும் இடத்துக்குக் கொண்டுபோகக் கார் சாவியோடு வந்து நின்றாள். உறையைப் பிரித்து மேலே இருந்த ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு, தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல், கோட்டின் மேல் வலது கையை முதலில் நெஞ்சில் வைத்து, இடது கையை அதன்மேல் வைத்து, தாளோடு ஒப்பிட்டாள்.

"இது கீழ. இது மேல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆமா. அழகா இருக்கா ஹிகாசா-சான். யாரு மாதிரியாவது வரைஞ்சீங்களா?"

"இல்லை," என்றாள் தோமோயே.

தாளை வாங்கி அடுக்கோடு சேர்த்து, ஓரங்களை மேஜையில் தட்டி ஒன்றாக்கி, உறைக்குள் விட்டாள். உறையின் மேல் திருத்தியவருக்கான கட்டத்தில் தன் பெயர் முத்திரையை அழுத்தினாள். சிவப்பு மை காயும்வரை ஊதினாள். பிறகு எழுந்து நின்று, உறையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். ஒகுதானி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.